கேட்கும் உள்ளம்: விதைப்பவர் உவமையும் தமிழ் நிலமும்

‘உள்ளத்தைத் திறந்து கேள்’ என்று மாணவரிடம் சொல்லாத ஆசிரியர் இல்லை. உள்ளத்தைத் திறப்பது எங்ஙனம் என்று அம்மாணவர் திருப்பிக் கேட்பாராயின், விடை சொல்லத் தயங்காத ஆசிரியரும் இல்லை. கதவைத் திறக்கத் தாழ்ப்பாள் உண்டு. உள்ளத்திற்கு அவ்வாறு எளிதாகக் கைக்கு எட்டும் தாழ்ப்பாள் இல்லை. கிறித்தவப் போதனையை ஏற்கும் உள்ளத்தைப் பண்படுத்துதல் என்னும் பொருளை இவ்வுரைக்கு நாம் தேர்ந்தெடுத்தமைக்கு இத்தயக்கமே காரணம்.

சமயத்தைப் பரப்புதல் இவ்வுரையின் நோக்கம் அன்று. ஒரு போதனை செவியளவில் நின்றுவிடாமல் உள்ளத்திற்குள் இறங்குவதற்கு எவை வேண்டும் என்பதை, அப்போதனையே தரும் உவமை ஒன்றைக் கொண்டும், அதனைத் தமிழில் கேட்டவர்தம் வரலாற்றைக் கொண்டும் விளக்குவதே நோக்கம். கிறித்தவ மாணவர்க்கு இது தம் மறையின் விளக்கமாகும். பிறர்க்கு, கற்றல் கற்பித்தல் என்னும் பொதுத்தொழிலின் விளக்கமாகும்.

நால்வகை நிலம்

இயேசு சொன்ன விதைப்பவர் உவமை, மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவர் எழுதிய நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. விதைப்பவர் ஒருவர் விதைக்கப் புறப்படுகிறார். சில விதைகள் வழியோரம் விழுகின்றன. பறவைகள் அவற்றைத் தின்றுவிடுகின்றன. சில, மண் மிகுதியாக இல்லாத பாறை நிலத்தில் விழுந்து, விரைவில் முளைத்து, வேர் இன்மையால் வெயிலில் கருகுகின்றன. சில முட்செடிகளின் இடையே விழுந்து நெருக்குண்டு போகின்றன. சில நல்ல நிலத்தில் விழுந்து முப்பது மடங்கும் அறுபது மடங்கும் நூறு மடங்கும் பலன் தருகின்றன.

இவ்வுவமைக்கு இயேசுவே பொருளும் கூறியுள்ளார். விதை என்பது இறைவனின் சொல். நிலம் என்பது கேட்பவர் உள்ளம். வழியோரம் என்பது, கேட்டும் விளங்கிக்கொள்ளாதவர் உள்ளம். பாறை நிலம் என்பது, மகிழ்ச்சியோடு உடனே ஏற்று, துன்பம் வந்தவுடன் கைவிடுவோர் உள்ளம். முள்நிலம் என்பது, உலகக் கவலையும் செல்வ மயக்கமும் மண்டிக் கிடக்கும் உள்ளம். நல்ல நிலம் என்பது, கேட்டு, விளங்கி, பொறுமையோடு பலன் தரும் உள்ளம்.

இங்கே இரண்டு செய்திகளைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். முதலாவது, நான்கு இடத்திலும் விழுந்த விதை ஒன்றே. விளைவில் உள்ள வேற்றுமை விதையால் வந்ததன்று, நிலத்தால் வந்தது. இரண்டாவது, விதைப்பவர் நிலம் பார்த்து விதைக்கவில்லை. எல்லா நிலத்திலும் கைந்நிறைய வீசினார். தகுதியுடையவர்க்கு மட்டுமே சொல்வேன் என்னும் கஞ்சத்தனம் அவரிடம் இல்லை.

இவ்வுவமையைப் படிக்கும் மாணவர் பலர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. ‘பாறை பாறையாகத்தானே இருக்கும்? வழியோர நிலம் நல்ல நிலமாக மாறுமா? எனது உள்ளம் பாறை என்றால் நான் என் செய்வேன்?’ என்பதே அது. நியாயமான ஐயம். இதற்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கோல சிலாங்கூர் வட்டாரத்து மண்ணே விடை சொல்லும்.

நம் வட்டாரத்து மண் சொல்வது

புஞ்சாக் ஆலாமில் இன்று வாழ்வோருள் தோட்டப்புறத்தில் பிறந்தவரும், அங்குப் பிறந்தோரின் மக்களும் உளர். ஈஜோக், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை என்னும் ஊர்ப்பெயர்களைக் கேட்டவுடன் பால்மரமும் செம்பனையும் அவர்தம் நினைவில் எழும். நிலம் தானாகப் பண்பட்டுக் கிடப்பதில்லை என்பதை இவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கடலோரச் சதுப்பில் வடிகால் வெட்டி நீரை இறக்கியதும், காட்டை அழித்துப் பாத்தி கட்டியதும், களைத்துப் போகுமளவு லாலான் புல்லை வேரோடு களைந்ததும் நம் முன்னோரின் கைகளே. இன்று ‘நல்ல நிலம்’ என்று நாம் சொல்வது ஒருகாலத்தில் புல்லும் முள்ளும் மண்டிய நிலமே.

பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் தென்னமரம் என்னும் தோட்டம் உண்டு. பெயர் தமிழாயினும் அதன் புகழ் தென்னையால் வந்ததன்று. மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதல் செம்பனை பயிரிடப்பட்டது அங்கேதான், ஆண்டு 1917. பயிரிட்டவர் ஹென்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுத் தோட்டக்காரர். நாற்றங்காலில் ஏறத்தாழ ஓராண்டு வளர்த்து, பின்னர் வயலில் நட்டு, மேலும் இரண்டரை ஆண்டளவு காத்திருந்தால்தான் செம்பனை குலை தள்ளும். ரப்பர் மரமோ, பால் வெட்டுவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்ளும். நட்ட மறுநாளே பாலைத் தேடிக் கத்தியோடு செல்பவரைத் தோட்டப்புறம் கண்டதில்லை. போதனை செய்த மறுநாளே மாணவரிடம் மாற்றத்தைத் தேடுவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

ரப்பர் இந்நாட்டிற்கு வந்த வரலாறும் விதைப்பவர் உவமைக்கு ஓர் உரைபோல் அமைந்துள்ளது. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தாவரப் பூங்காவிற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை 3,000க்கும் குறைவு. அடுத்த ஆண்டு கியூவிலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, ரப்பர் பயிரிடுமாறு தோட்டக்காரர்களைச் சலியாது வற்புறுத்தினார். காப்பியே போதும் என்றிருந்த அவர்கள் அவரைப் பித்தர் என்று எள்ளினர். 1896இல் மலாக்காவில் தான் சே யான் என்னும் சீனத் தோட்டக்காரர் துணிந்து பயிரிட்ட பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. பெரும்பாலான விதைகள் வீணாயின. எனினும் விதைப்பு வீணாகவில்லை. எட்டாண்டுகள் ஏற்காத செவி ஒன்பதாம் ஆண்டில் ஏற்கும் என்பதற்கும் இது சான்று.

ஆதலின் நிலம் மாறும். உழுதால் மாறும் என்பதே நிபந்தனை. இது நம் கற்பனை அன்று. விவிலியமும் இதையே சொல்கிறது. பழைய ஏற்பாட்டில் ஓசேயா, எரேமியா ஆகிய இறைவாக்கினர் இருவரும், தரிசு நிலத்தை உழுது பண்படுத்துமாறு தம் மக்களைப் பணித்தனர். முட்களின் நடுவே விதைக்க வேண்டா என்று எரேமியா எச்சரித்தார். விதைப்பது இறைவன் செயலாயினும், கேட்பவர்க்கும் செய்வதற்கு உழவுத்தொழில் உண்டு என்பதே அவர்தம் கருத்து. ‘எனது உள்ளம் பாறை’ என்று சொல்லி ஓய்ந்திருக்க ஒருவர்க்கும் உரிமை இல்லை.

சொல்லிலேயே உள்ள விளக்கம்

தமிழ்ச் சொற்கள் சில இப்பொருளைத் தம்முள் ஏற்கெனவே பொதிந்து வைத்துள்ளன. நிலம் உழுது சீர்பெறுவதைப் ‘பண்படுதல்’ என்கிறோம். அச்சொல்லின் வழி வந்த ‘பண்பாடு’, உள்ளமும் வாழ்வும் சீர்பெற்ற நிலையைக் குறிக்கிறது. ரசிகமணி டி. கே. சி. இச்சொல்லை இப்பொருளில் வழக்கிற்குக் கொணர்ந்தார் என்பர். மேலைமொழிகளில் பண்பாட்டைக் குறிக்கும் சொல்லும் நிலத்தை உழுதல் என்னும் இலத்தீன் வேரிலிருந்தே பிறந்தது. ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு மொழியினரும் உள்ளத்தை நிலமாகவே கண்டுள்ளனர்.

‘கேள்’ என்னும் சொல்லை அடுத்து நோக்குவோம். செவியால் கேட்டல், ஐயத்தை வினவுதல், சொற்படி நடத்தல் ஆகிய மூன்றையும் அது குறிக்கும். ‘பெற்றோர் சொல் கேட்கும் பிள்ளை’ என்றால் செவித்திறன் உள்ள பிள்ளை என்று எவரும் பொருள் கொள்ளார். பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரேய மொழியிலும் கேட்டலைக் குறிக்கும் ‘ஷமா’ என்னும் வினை, கீழ்ப்படிதலையும் குறிக்கிறது. அரசனாக முடிசூடிய சாலமோன் இறைவனிடம் நீண்ட ஆயுளையும் செல்வத்தையும் கேளாது, நீதி வழங்குதற்குரிய அறிவைக் கேட்டான் என்று விவிலியம் கூறும். அவன் கேட்டதை எபிரேய மூலத்தின் சொற்படி பெயர்த்தால் ‘கேட்கும் உள்ளம்’ என்று அமையும். எபிரேயர்க்கு உள்ளம் என்பது உணர்ச்சியின் இருப்பிடம் மட்டும் அன்று. எண்ணவும் துணியவும் செய்வதும் அதுவே. எனவே உள்ளத்தைத் திறத்தல் என்பது அறிவை மூடிவைத்து உணர்ச்சிவயப்படுதல் அன்று.

‘மனந்திரும்புதல்’ என்னும் சொல்லும் இத்தகையதே. கிரேக்க மொழியில் ‘மெத்தனோயா’ என்பது எண்ணத்தின் மாற்றம். அதற்கு ஈடாகத் தமிழ் விவிலியத்தில் அமைந்த சொல், தவறான திசையில் சென்ற மனம் நின்று திரும்பிப் பார்க்கும் காட்சியைக் கண்முன் நிறுத்துகிறது. திரும்புதல் ஒருவர் தாமே செய்வது. பிறர் பிடித்துத் திருப்புவது அன்று.

முதல் உழவு மொழியே

வழியோர நிலத்திற்கு இயேசு கூறிய விளக்கத்தை மத்தேயு எழுதியவாறு மீண்டும் நினைவுகொள்வோம். கேட்டும் விளங்காமையே அங்கு விதை இழக்கப்படுவதற்குக் காரணம். தீய எண்ணமோ பகையோ அங்குக் காரணமாகச் சொல்லப்படவில்லை. ஆகவே உள்ளத்தைப் பண்படுத்தும் முதல் உழவு, விளங்கச் செய்தல். விளங்கச் செய்வதற்குரிய கருவி மொழி. இம்மன்றம் இப்பொருளை எடுத்து ஆராய்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டா.

1706ஆம் ஆண்டு சூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் செருமானியர் இதை நன்கு உணர்ந்தவர். அப்பொழுது அவர்க்கு அகவை ஏறத்தாழ இருபத்து நான்கு. போதிக்க வந்தவர் முதலில் மாணவரானார். திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுத்தெழுதித் தமிழ் கற்றார். ஓலைச்சுவடிகளைத் தேடித் திரட்டி, 1708இல் அவற்றின் பட்டியலை விளக்கத்தோடு எழுதினார். தாம் யாரிடம் பேச வந்தாரோ அவர்தம் நூல்களைப் படித்த பின்னரே பேசினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி நிறைவுற்றது. பிறர் உள்ளம் திறக்க வேண்டுமாயின் நம் செவி முன்னதாகத் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு அம்மணலில் எழுதிய எழுத்தே சான்று.

அவர்க்குப் பின் பப்ரிசியஸ், இரேனியஸ், பவர் முதலியோர் தத்தம் காலத்துத் தமிழுக்கு ஏற்ப மொழிபெயர்ப்பைத் திருத்தி வந்தனர். ‘சுவிசேஷம்’ என்றும் ‘விசுவாசம்’ என்றும் வழங்கியவை, கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில் ‘நற்செய்தி’ என்றும் ‘நம்பிக்கை’ என்றும் அமைந்தன. பழஞ்சொல்லின் ஓசையில் பழகிய முதியோர்க்கு அதுவே இனிது. இளையோர்க்குப் புதுச்சொல் விளங்குகிறது. எது உயர்ந்தது என்று வழக்காடுவதைவிட, நம்முன் அமர்ந்துள்ள மாணவர்க்கு எது விளங்குகிறது என்று பார்ப்பதே உழவர் வழி.

இன்றைய நிலையை எண்ணும்போது நமக்குக் கவலை எழாமல் இல்லை. ஞாயிறு வகுப்பில் விவிலியப் பகுதியைத் தடையின்றி வாசிக்கும் சிறுவரை நாம் காண்கிறோம். வாசித்த பகுதியின் பொருள் யாது என்று கேட்டால் அவர் தலைகவிழ்கிறார். எழுத்து வாயில் இருக்கிறது. பொருள் வழியோரம் கிடக்கிறது. இதனைச் சிறுவரின் குற்றம் என்பதற்கில்லை. உழாத நிலத்தில் வீசியவர் நாமே.

ஆழமும் களையெடுப்பும்

விளங்கினால் மட்டும் போதுமா? போதாது என்பதைப் பாறை நிலம் காட்டுகிறது. அங்கு முளைப்பில் குறையில்லை, வேரில்தான் குறை. பஞ்சக் காலத்தில் உணவுக்காகச் சமயம் மாறியவர்களை ‘அரிசிக் கிறித்தவர்’ என்று உலகோர் எள்ளியதுண்டு. பசித்தவரை எள்ளுதல் அறமன்று. எனினும், ஆதாயத்தைக் காட்டி ஏற்கச் செய்த போதனை ஆதாயம் நின்றவுடன் வாடும் என்னும் உண்மையை அவ்வழக்கு நமக்கு உணர்த்துகிறது.

வேர் ஆழ்ந்த உள்ளத்திற்கு எச். ஏ. கிருஷ்ண பிள்ளையைச் சான்றாகக் காட்டலாம். 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணத்தில் தோய்ந்த புலமையர். சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விக்கூடத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியபோதும் அச்சமயத்தை அவர் உடனே ஏற்றுவிடவில்லை. நண்பரோடு உரையாடினார், நூல்களைப் படித்தார், ஆண்டுகள் கழிந்தன. 1858இல்தான் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். பின்னர், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தழுவி, ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தைப் பாடினார். அது 1894இல் நூலாக வெளிவந்தது. ‘கிறித்தவக் கம்பர்’ என்று தமிழுலகம் அவரைப் போற்றுகிறது.

இவ்வரலாற்றில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. புதிய போதனையை ஏற்பதற்காக அவர் தம் தமிழைத் துறக்கவில்லை, கம்பரை மறக்கவில்லை. பழைய மண்ணை வெட்டி எறிந்துவிட்டு அவ்விடத்தில் புதுமண்ணைக் கொட்டவில்லை. இளமை முதல் கம்பர் கவி உழுத நிலத்திலேயே அவ்வித்து வேரூன்றியது. உள்ளத்தைத் திறத்தல் என்பது தன் மொழியையும் மரபையும் இழத்தல் என்று அஞ்சுவோர்க்கு இரட்சணிய யாத்திரிகமே விடை.

மூன்றாவதாகிய முள்நிலத்தைப் பற்றி நீள உரைக்க வேண்டுவதில்லை. தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிக்கு வந்தோம். வீட்டுக் கடன், வண்டிக் கடன், மிகுநேர வேலை, ஓயாத கைப்பேசி என்று முட்கள் புதியனவாக முளைத்துள்ளன. இவற்றுள் சில இன்றியமையாதவை. ஆயினும் இன்றியமையாத செடியும் நெருக்கி வளர்ந்தால் பயிருக்குக் களையே. களையெடுப்பு ஒருநாள் வேலை அன்று என்பதை லாலானைக் களைந்தவர் அறிவர். வேரில் ஒரு கணு தங்கினாலும் அது மீண்டும் தழைக்கும்.

நன்னூலும் உவமையும்

பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரை மூவகைப்படுத்தினார். அன்னமும் ஆவும் போல்வார் முதல் மாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடை மாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி போல்வார் கடை மாணாக்கர். தெளிந்த நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நெய்யரி, நல்லதை நெருக்கும் முள்நிலத்தை நமக்கு நினைவூட்டுகிறது. ஆங்காங்கே ஒரு வாய் மேய்ந்து நகரும் ஆடு, வேரின்றி முளைக்கும் பாறை நிலத்திற்கு உறவு.

நன்னூலார் மண்ணை ஏன் இடையில் வைத்தார்? உழவர் முயற்சி எவ்வளவோ அவ்வளவே மண் பலன் தரும் என்பதனால். இவ்வொரு கருத்து, விதைப்பவர் உவமையைப் படிக்கும் ஆசிரியர்க்கு இன்றியமையாதது. உவமை நிலத்தின் தன்மையைக் காட்டுகிறது. நன்னூல் நிலத்திலிருந்து விரலை உயர்த்தி உழவரைக் காட்டுகிறது. அந்நூலே நல்லாசிரியர்க்கும் நிலத்தை உவமையாக்கி, பொறுமையை அவர்தம் இலக்கணமாக வைத்தது. மாணவர் விளங்கிக்கொள்ளவில்லை என்று ஆசிரியர் குறைகூறும் முன்னர், தம் முயற்சியின் அளவை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

செய்யத் தக்கவை

இனி, நடைமுறையில் செய்யத் தக்க சிலவற்றைக் கூறுவோம். பாடம் தொடங்குமுன் சிறிது நேரம் அமைதியாக அமர்தல் நன்று. மிதிபட்டு இறுகிய வழிநிலம் இளகுவதற்கு அது முதல் ஏர். ஒரு நாளைக்கு ஒரு சிறு பகுதியையே வாசித்து, அதனை மாணவர் தம் சொல்லில் திருப்பிச் சொல்லுமாறு செய்தல் வேண்டும். அருஞ்சொல்லுக்குப் பொருள் கூறாமல் அடுத்த வரிக்குச் செல்லுதல் கூடாது. மாணவர் வினவும்போது, அதனைப் பணிவின்மை என்று தடுத்தலும் கூடாது. வினவுதலும் ‘கேள்’ என்பதன் பொருளே. கேட்டவற்றுள் ஒன்றையேனும் அவ்வாரத்தில் செய்து பார்க்கச் சொல்லுதல் வேண்டும். மன்னித்தல் பற்றிப் படித்த மாணவர், தம் உடன்பிறந்தாரோடு ஒரு பிணக்கைத் தீர்த்துவிட்டு வருவாராயின், அதுவே வேர் இறங்கியதற்கு அடையாளம்.

இவற்றோடு எல்லை ஒன்றையும் மறத்தல் ஆகாது. தம் சமயம் அல்லாத பிற சமயப் போதனையைப் பெறுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று இந்நாட்டு அரசியலமைப்பின் 12ஆம் விதி கூறுகிறது. இச்சட்டம் உவமைக்கும் இசைந்தது. விதைப்பவர் விதையை வீசினாரே ஒழிய நிலத்தைப் பிளந்து திணிக்கவில்லை. திறந்த உள்ளம் வேறு. திறக்கப்பட்ட பூட்டு வேறு.

லூக்கா எழுதிய நூலில் இன்னோர் உவமையும் உண்டு. மூன்றாண்டுகளாகக் காய்க்காத அத்திமரத்தை வெட்டிவிடுமாறு தோட்டத்திற்குரியவர் சொல்கிறார். தோட்டக்காரரோ, இவ்வோராண்டும் அது நிற்கட்டும், சுற்றிலும் கொத்தி எருவிடுகிறேன் என்று வேண்டுகிறார். மறு ஆண்டு அம்மரம் காய்த்ததா என்பதை இயேசு சொல்லவில்லை. கதை அவ்வேண்டுதலோடு நின்றுவிடுகிறது. நம் வகுப்பறையிலும் இல்லத்திலும் இவ்வாண்டு காய்க்காத மரங்கள் சில நிற்கக்கூடும். கோடரியை ஒருபுறம் வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவற்றின் அருகே செல்வோமாக.